துளிர்விட்ட முள்கம்பி

ஊற்றைச் சுற்றி லுடோல்ஃப் ஹாகெமான் கட்டிய முள்கம்பி துளிர்விட்டதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி ஒட்டிலிதான். பால் பாத்திரங்களைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனவள், இரண்டு கம்பங்களுக்கு நடுவே விறைப்பாக நின்ற கம்பியில், ஒரு முள்ளின் அடியிலிருந்து, பயற்றங்கொடியின் நுனிபோல மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், ஈரமாக ஒரு சின்னக் கம்பி எட்டிப் பார்ப்பதைக் கண்டாள், விரலால் தொட்டாள், அது வளைந்து கொடுத்தது, அடுப்பில் ரொட்டி வைத்திருந்த நினைப்பு வரவே வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"கம்பி முளைவிட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?" என்றான் லுடோல்ஃப்.

"தெற்குப் பக்கம்."

"நல்லதாப் போச்சு. அங்கதான் கன்னுக்குட்டி நுழையற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் உருளைக்கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

வடக்கு ஜெர்மனியின் சதுப்பு நிலத்தில், அடுத்தவன் மாட்டை அடுத்தவன் புல்லில் மேய்த்து, அடுத்தவன் தொழுவத்தின் மூலையிலேயே படுத்துச் செத்துப்போன ஒரு மனிதனின் மகன் லுடோல்ஃப். அப்பாவைப் புதைத்த மறுநாள் பண்ணைக்காரர் வந்து, அவர்கள் முட்டைக்கோஸ் போட்டிருந்த துண்டு நிலத்துக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டச் சொல்லிவிட்டுப் போனதையும், பிஞ்சு முட்டைக்கோசுகளை மடியில் அள்ளிக்கொண்டு அம்மா நின்றதையும் கப்பலில் அவன் ஒட்டிலியிடம் சொன்னான், அந்தப் பயணம் முழுக்க வேறெதையும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை, அமெரிக்கக் கரை தெரிந்தபோது அவள் கையைப் பிடித்து, "இனிமே நம்ம நிலத்துல எவனும் கால் வைக்க முடியாது" என்றான். அப்போது அவர்களுக்கு நிலம் எதுவும் இருக்கவில்லை.

சுண்ணாம்புக்கல் குன்றுகளும் ஓக் மரங்களும் முட்புதர்களும் நிறைந்த ஒரு தென்மாநிலத்தில், ஜெர்மன்காரர்கள் குடியேறியிருந்த லிண்டன்பாக் என்ற சிற்றூரை ஒட்டி, அவன் பிறர் மாடுகளைப் பல வருடங்கள் ஓட்டினான், கூலிக்குப் பதிலாகக் கன்றுகளை வாங்கிக்கொண்டான், கன்றுகள் மந்தையாயின, மந்தைக்கு நிலம் வாங்கினான், அந்த நிலத்தின் நடுவில் பாறையடியில் ஓர் ஊற்று இருந்தது. அவனுக்கு முன்பே, நிலத்துக்கு எல்லைக் கோடு போடுவதற்கும் முன்பே, குன்றுக்கு அப்பால் வசித்த எவரிஸ்தோ என்ற மெக்சிக்கோக்காரரின் ஆடுகள் அந்த ஊற்றில் தண்ணீர் குடித்து வந்தன. எவரிஸ்தோவின் மனைவி ரெஃபூகியா பிரசவம் பார்ப்பவள். ஆலங்கட்டி மழை கூரையைப் பிய்த்தெறிந்த ஒரு பகலில் ஒட்டிலியின் மகள் அமாலியை உலகத்துக்கு இழுத்துப்போட்டதும், தொப்புள்கொடியை அறுத்ததும், அதே ஊற்றுத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அவள்தான்.

பிறகு மழை பொய்த்தது. ஆறு மணலாயிற்று. லுடோல்ஃப் ரயில் நிற்கும் பட்டணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சுருள் சுருளாக முள்கம்பி கொண்டுவந்தான். அதைக் கட்டி முடித்த மறுநாள் எவரிஸ்தோ வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"தோன் லுடோல்ஃப்" என்றார் தன் மொழியின் மரியாதைச் சொல்லோடு. "என் ஆடுங்க எங்க போகும்?"

"ஆத்துக்குப் போகட்டும்."

"ஆத்துல தண்ணி இல்லைன்னு உங்களுக்கும் தெரியும்."

"என் மாட்டுக்கே இது காணாது, எவரிஸ்தோ. என் நிலம். பத்திரம் இருக்கு. நான் யார் வீட்டுலயும் போய்ப் பிடுங்கல."

எவரிஸ்தோ பின்னால் வாளியோடு நின்ற ஒட்டிலியைப் பார்த்தார். அவள் வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அந்த மாதம் முடிவதற்குள் கம்பி துளிர்விட்டது.

லிண்டன்பாக் அதற்காகத் தூக்கம் கெடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆண்கள் கூட்டமாக நடந்து வந்து பார்த்தார்கள், பாதிரியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேதாகமத்தில் ஆரோனின் கோலே துளிர்த்திருக்கிறது, கம்பி எம்மாத்திரம் என்றார், இந்த மண்ணில் இரும்புச்சத்து அதிகம், நான் அப்போதே சொன்னேன் என்றார் கடைக்காரர் ஷ்ரூடர், அவர் அப்போது அப்படி எதுவும் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. வசந்தத்தில் கம்பி பூத்தது. துரு நிறத்தில், குண்டூசித் தலையளவு பூக்கள், முகர்ந்தால் உதடு கடிபட்ட வாய்க்குள் வரும் வாசம். தேனீக்கள் அந்தப் பக்கமே வரவில்லை. பெண்கள் துவைத்த துணியை இளங்கம்பியில் உலர்த்தினார்கள், ஏனென்றால் இளசாக இருக்கும்போது முள் குத்தாது. குழந்தைகள் விளையாட்டுக்கு அதைப் பின்னி மோதிரம் போட்டுக்கொண்டார்கள், முற்றுவதற்குள் கழற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டார்கள், ஒரு குழந்தை அதை மறந்ததில் விரல் போயிற்று, மற்றவர்களுக்கு அது நல்ல பாடம் என்று பேசிக்கொண்டார்கள்.

வேலி கட்டக் கைக்காசு இல்லாதவர்கள் லுடோல்ஃபிடம் வந்து ஒரு முழம் பதியன் கேட்டார்கள். அவன் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை, நுனியை ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான், காசு வாங்க மறுத்தான், ஒட்டிலி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். லிண்டன்பாக்கின் ஒவ்வொரு நிலத்திலும் கம்பி வேர்பிடித்தது, கம்பத்தை விட்டு இறங்கித் தரையில் ஓடியது, பாறையில் ஏறியது, பாதையைக் கடந்தது, ஒருவர் வேலியும் இன்னொருவர் வேலியும் சந்தித்த இடத்தில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டது, தபால் வண்டி முதலில் ஒரு மைல் சுற்றிப் போனது, பிறகு மூன்று மைல், பிறகு ஊருக்கு வாரத்துக்கு ஒருமுறை தபால் போதும் என்று எல்லாருமே ஏற்றுக்கொண்டார்கள்.

எதிர்ப்பு வரவில்லையா என்றால், வந்தது. வெளியிலிருந்து மாடு ஓட்டி வருபவர்களும், குன்றுக்கு அப்பாலிருந்த ஆட்டுக்காரர்களும் கம்பியை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக முளைத்தது, அதனால் வெட்டியவர்களுக்குத்தான் நஷ்டம் என்றாலும், வெட்டினார்கள் என்பதே ஊரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கொதிப்பில்தான் ஷ்ரூடரும் மற்றவர்களும் லுடோல்ஃபின் வீட்டுக்கு வந்து மாநில சட்டசபைத் தேர்தலுக்கு நிற்கச் சொன்னார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் சரியா வராது" என்றான் அவன்.

"உங்க கம்பி பேசும்" என்றார் ஷ்ரூடர்.

தேவாலயத்துக்கு முன்னால் ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்று, தடுமாறும் ஆங்கிலத்தில் பாதியும் ஜெர்மனில் பாதியுமாக அவன் பேசினான். அடுத்தவன் புல்லில் செத்த அப்பாவைப் பற்றியும், வாய்க்கால் குறுக்கே ஓடிய முட்டைக்கோஸ் பாத்தியைப் பற்றியும் சொன்னபோது, ஏறக்குறைய அதே கதையைத் தங்கள் வீட்டிலும் வைத்திருந்த ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "வேர்விட்டதை வெட்டறவன் உயிரை வெட்டறவன்" என்றான். "கம்பி என்னோடதா இருந்தாலும், என் கையாலயே ஒரு முள்ளைக்கூட வெட்டமாட்டேன். இது சத்தியம்." ஒட்டிலி கூட்டத்தின் ஓரத்தில் அமாலியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அழுதாள், அது கர்வத்தால் என்றுதான் அப்போது நினைத்தாள்.

வென்றான். தலைநகரில் அவன் கொண்டுவந்த முதல் மசோதாவே சட்டமாயிற்று: உரிமையாளரின் அனுமதியில்லாமல் முள்கம்பியை வெட்டுகிறவருக்குச் சிறை. ஜெர்மன் பத்திரிகையில் வந்த அவன் படத்தை ஷ்ரூடர் கடைச் சுவரில் ஒட்டினார். ஒட்டிலி மாவு வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தாள், கழுத்துப்பட்டி புதிது, அதைக் கட்டிவிட்டது யாராக இருக்கும் என்று யோசித்தாள்.

அந்தக் கோடையில் ரெஃபூகியாவுக்குக் காய்ச்சல் கண்டது. எவரிஸ்தோவின் ஆடுகளில் பெரும்பாலானவை அதற்குள் செத்துப்போயிருந்தன, அவர்கள் குட்டையில் எஞ்சிய சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்துவந்தார்கள், வைத்தியரிடம் போகும் பாதையைக் கம்பி மூடியிருந்தது. மனைவியைக் கட்டை வண்டியில் படுக்கவைத்து ஓட்டிவந்த எவரிஸ்தோ, ஹாகெமான் பண்ணையின் எல்லையில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார். நல்ல வெயில். ஒட்டிலி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிவந்தாள்.

"செஞ்யோரா, வழி விடுங்கம்மா. வைத்தியர்கிட்ட போகணும்."

"எங்க வீட்டுக்காரர் தலைநகர்ல இருக்கார். நான் எப்படி..."

வண்டியில் கிடந்த ரெஃபூகியா தலையைத் தூக்கி, "ஒட்டிலி" என்றாள். ஒட்டிலி மேலாடைப் பையில் கையை விட்டாள், தோட்டவேலைக்கு வைத்திருந்த குறடு அதில் இருந்தது, அதன் பிடி வெயிலில் சூடேறியிருந்தது, அவள் அதைப் பிடித்தாள், அவள் விரல்கள் அதைச் சுற்றி மூடின, அப்படியே நின்றாள். எவரிஸ்தோ அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தன் வண்டியிலிருந்து தன் குறட்டையே எடுத்து வெட்ட ஆரம்பித்தார். கம்பி முற்றிப் பல அடுக்காக இருந்தது. அவர் வழி உண்டாக்கி முடிப்பதற்குள் மாவட்டக் காவல் அதிகாரி ஷெரீஃப் டாபினும் அவர் ஆட்களும் குதிரைகளில் வந்துவிட்டார்கள், கைது செய்வதா வேண்டாமா என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் ரெஃபூகியா வண்டியிலேயே இறந்துபோனாள். எவரிஸ்தோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

லுடோல்ஃப் ஊருக்கு வந்தபோது ஒட்டிலி கேட்டாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா எவரிஸ்தோவை விட்டுடுவாங்க. முன்தேதி போட்டு அனுமதி கொடுத்தேன்னு சொல்லு."

"சட்டத்துல மாட்டின முதல் ஆளு அவர். அவரையே விட்டா அப்புறம் அது என்ன சட்டம்?"

"அமாலியை எடுத்த கை ரெஃபூகியாவோடது."

"தெரியும்" என்றான் அவன். உண்மையாகவே வருந்தினான், ரெஃபூகியாவின் கல்லறைக்கு வெள்ளைக்கல் வாங்கி அனுப்பினான், கல்லை ஏற்றிச் சென்ற வண்டி கம்பியைத் தாண்ட வழியில்லாமல் திரும்பிவந்தது.

அதற்குப் பிறகு கம்பி வீட்டை நோக்கித் திரும்பியது. யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லாப் பக்கமும்தான் அது போய்க்கொண்டிருந்தது. முதலில் தொழுவம், பிறகு காய்கறிப் பாத்தி, பிறகு முன்வாசல் கேட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் கைகோர்த்துக்கொண்டது. ஒட்டிலியும் அமாலியும் உள்ளே இருந்தார்கள். முற்றத்தில் புதிதாக வெட்டிய கிணறு இருந்தது, அதனால் அவர்கள் பயப்படவில்லை. பிறகு கம்பி கிணற்றின் வாயிலும் படர்ந்தது. கொஞ்ச காலம் வாளி நுழைந்தது. பிறகு செம்பு. பிறகு கயிற்றில் கட்டிய கரண்டி. கடைசியில் துணிச் சுருளை நூலில் கட்டி இறக்கி நனைத்து மேலே இழுத்துப் பிழிந்தார்கள். ஊரார் நல்லவர்கள், தினமும் வந்தார்கள், வேலிக்கு மேலாகத் தண்ணீர் நிரம்பிய புட்டிகளை வீசினார்கள், சில உடைந்தன, சில உடையவில்லை, ஷெரீஃப் டாபினே ஒரு நாள் ஒரு புட்டியை வீசிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் வந்துடுவாரும்மா" என்றார். குறட்டை வீசலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒட்டிலியும் பையிலிருந்த தன் குறட்டை எடுக்கவில்லை, அவன் வந்து வெட்டட்டும் என்று காத்திருந்தாள்.

லுடோல்ஃப் வந்தான். கூடவே ஷ்ரூடரும், பத்திரிகைக்காரர் ஒருவரும், பேண்டு வாத்தியக்காரர்களும் வந்தார்கள், ஏனென்றால் அவனைத் துணை ஆளுநர் பதவிக்கு நிறுத்தும் கூட்டம் மறுநாள் தலைநகரில் நடக்கவிருந்தது, வழியனுப்புவதற்காக எல்லாரும் பண்ணைக்கே வந்திருந்தார்கள். தன் கேட்டுக்கு வெளியே அவன் நின்றான். அடர்ந்த கம்பிக்குள் ஒட்டிலியின் ஒரு கண்ணும் கன்னத்தில் பாதியும்தான் அவனுக்குத் தெரிந்தது.

"வெட்டு" என்றாள் அவள்.

ஒருவன் குறட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தான். பேண்டு வாசிப்பு நின்றது. எல்லாரும் அவன் கையையே பார்த்தார்கள்.

"அமாலிக்கு நாக்கு வறண்டுபோச்சு, லுடோல்ஃப். வெட்டு."

அவன் குறட்டை இன்னும் இறுகப் பிடித்தான், தோள் ஒருமுறை நிமிர்ந்து தாழ்ந்தது, பத்திரிகைக்காரரின் பென்சில் காத்திருந்தது. பிறகு வேலிக்கு மிக அருகில் முகத்தை வைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "நாளைக்கு கூட்டம் முடியட்டும், ஒட்டிலி. நாளை மறுநாள் நானே வந்து வெட்டறேன். இப்ப வெட்டினா இத்தனை வருஷமும் வீணாப்போகும்" என்றான். குறட்டைத் திருப்பிக் கொடுத்தான். பேண்டுக்காரர்கள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்கள், அவன் நடந்துபோன திசையில் வாத்தியச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அன்று பிற்பகலே ஒட்டிலி மேலாடைப் பையிலிருந்த தன் குறட்டை எடுத்தாள். உள்ளிருந்து வெட்டினாள். ஒரு கம்பியை வெட்டினால் அடுத்த கம்பி, அதை வெட்டினால் அதற்கடுத்தது, பின்னால் வெட்டிய முனைகள் அப்போதே துளிர்க்கத் தொடங்கியிருந்தன, அமாலி அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நடந்தாள். வெளியே வந்தபோது ஒட்டிலியின் கைகள் முழங்கைவரை சிவந்திருந்தன. மகளைப் பாதிரியார் வீட்டில் விட்டு, வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்து, தலைவாரிப் பின்னிவிட்டு, ஷெரீஃபின் அலுவலகத்துக்கு நடந்துபோனாள்.

"கம்பியை வெட்டிட்டேன்" என்றாள்.

"உங்க வீட்டுக் கம்பிதானேம்மா" என்றார் டாபின்.

"பத்திரம் அவர் பேர்ல இருக்கு. எவரிஸ்தோ வெட்டின அதே கம்பி. எழுதிக்கோங்க."

வழக்கு நடந்த அன்று நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் அவளிடம் காப்பி வாங்கிக் குடித்தவர்கள், தொப்பிகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். லுடோல்ஃப் தலைநகரிலிருந்து ரயிலில் வந்து சாட்சிக்கூண்டில் ஏறினான். தலைநகரில் நடந்த அந்தக் கூட்டத்தில் அவன் பெயர் ஏகமனதாக ஏற்கப்பட்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது, ஒரே வாரத்தில் பல வருடம் கூடினவன்போல இருந்தான்.

"என் அனுமதியோடதான் வெட்டினா" என்றான். "அன்னைக்கு வேலிப் பக்கத்துல நின்னு காதோட சொன்னேன். எல்லாரும் பார்த்தாங்க."

கூடம் முழுக்க மூச்சு விடும் சத்தம் எழுந்தது. நீதிபதி பேனாவை எடுத்தார். ஷ்ரூடர் சிரித்தே விட்டார்.

"இல்லை" என்று ஒட்டிலி எழுந்தாள். "அவர் காதுல சொன்னது வேற. நாளை மறுநாள் வரேன்னார். குறடு கையில இருந்தது, திருப்பிக் கொடுத்துட்டார். அதையும் எல்லாரும் பார்த்தாங்க."

"ஒட்டிலி, உட்காரு" என்றான் லுடோல்ஃப். "உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான் சொல்றேன்."

"எவரிஸ்தோவுக்கும் அனுமதி கொடுத்தேன்னு சொல்லு. சொன்னா உட்காருவேன்."

அவன் வாயைத் திறந்தான். ஷ்ரூடரைப் பார்த்தான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு பேரைப் பார்த்தான், சன்னலுக்கு வெளியே நீதிமன்றத்துச் சுவரில் புதிதாக ஏறியிருந்த கம்பியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

அவளுக்கு எவரிஸ்தோவுக்குக் கொடுத்த அதே தண்டனையைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது சிறைக் கம்பிகளுக்கு வெளியே நடந்தது, ஒட்டிலி அதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தாள். லுடோல்ஃப் தலைநகருக்குத் திரும்பவில்லை. அன்றே பண்ணைக்குப் போய், கோட்டைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, முதல் கம்பியை வெட்டினான். பிறகு ஷெரீஃப் டாபினிடம் இரண்டு கைகளையும் நீட்டினான். "உங்க கம்பி, ஐயா. வெட்டறது உங்க இஷ்டம்" என்று டாபின் குதிரையைத் திருப்பிக்கொண்டார். அந்த மாநிலத்திலேயே அந்தக் கம்பியை வெட்டினாலும் குற்றமாகாத ஒரே ஆள் அவன்தான். அவன் வெட்டினான். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று, அவன் வெட்டிக்கொண்டே உள்ளே போனான், பின்னால் வழி மூடிக்கொண்டது. அமாலி வேலியோரம் நின்று கூப்பிட்டபோது, "அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்" என்று உள்ளிருந்து குரல் வந்ததாம். ஊரார் புட்டிகளை வீசினார்கள், ரொட்டியைத் துணியில் சுற்றி வீசினார்கள். தேர்தல் வந்தது. அவனை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அவன் வென்றான். பதவிப் பிரமாணத்தன்று அவன் நாற்காலியில் ஒரு தொப்பியை வைத்து, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியதாகப் பத்திரிகையில் வந்தது. புதிய மாவட்டங்களிலிருந்தெல்லாம் பதியன் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

ஒட்டிலி விடுதலையான ஆண்டு நல்ல மழை பெய்திருந்தது. எவரிஸ்தோவின் தண்டனை அதற்கு முன்பே முடிந்திருந்தது, ஆனால் போவதற்கு இடமில்லாததால் சிறையின் குதிரை லாயத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அமாலி உயரமாக வளர்ந்து, பாதிரியாரின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டாள். மூவரும் பண்ணையின் எல்லைவரை போனார்கள். வீடு தெரியவில்லை, தொழுவம் தெரியவில்லை, ஊற்றுப் பாறை தெரியவில்லை, கண்ணுக்கெட்டியவரை சாம்பல் நிறக் கம்பி குன்றுபோல ஏறி நின்றது, மேலே துருப்பூக்கள் பூத்திருந்தன. உள்ளே வெகு ஆழத்திலிருந்து சத்தம் வந்தது: டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒட்டிலி இறங்கி, முள் முகத்தில் படும் தூரத்தில் நின்று, "லுடோல்ஃப்!" என்று ஒருமுறை கூப்பிட்டாள்.

சத்தம் நின்றது. காற்றுகூட நின்றதுபோல இருந்தது. அமாலி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டிலி காத்திருந்தாள், வெயில் ஏறும்வரை காத்திருந்தாள், உள்ளே யாரோ மூச்சு வாங்குவதுபோல ஒன்று கேட்டது. பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது, முன்பைவிட வேகமாக, டக், டக், டக் என்று, அது அவர்களை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று மூவராலும் சொல்ல முடியவில்லை.

ஒட்டிலி வண்டியில் ஏறினாள்.

"போகலாம்" என்றாள். அமாலி குதிரையைத் தட்டினாள். அவர்கள் பாதையில் திரும்பியபோது, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றில் மெல்லிசாக, ஈரமாக, சாம்பல் நிறத்தில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்ததை எவரிஸ்தோ பார்த்தார், இறங்கினார், அது முற்றுவதற்குள் விரலாலேயே அதைப் பிரித்தெடுத்து, ஒடித்துவிடாமல், வந்த வழியிலேயே தரையில் வைத்துவிட்டு மீண்டும் ஏறிக்கொண்டார்.